இருநூற்று நாற்பது பாட்டில்

பதினோரு மாதம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு ஆளைக் கொல்வதற்கு அதுதான் வழி என்று கண்டுபிடித்திருந்தேன்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் யார் மீதாவது வயிறு எரிந்தால் ஆனைமலைக்குப் போய் அம்மன் சன்னிதியில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருவார்கள். நானும் ஒருமுறை போனேன். கை மூன்று நாள் எரிந்ததுதான் மிச்சம், அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே பழிதீர்ப்பது என்று முடிவு செய்தேன்.

என் பெயர் கோகிலவாணி. மேட்டுச்சோலை அரசு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு என் பொறுப்பு. என்ன மருந்து எத்தனை வேண்டும் என்று மேலே எழுதிக் கேட்பதை நாங்கள் இண்டெண்ட் போடுவது என்போம். அதில் ஒரு வழக்கம் உண்டு. நூறு வேண்டுமென்றால் இருநூறு என்று எழுதுவோம். மேலே இருப்பவர்கள் பாதியை வெட்டுவார்கள். அவர்கள் வெட்டுவது எங்களுக்குத் தெரியும், நாங்கள் கூட்டுவது அவர்களுக்குத் தெரியும். இப்படி இரண்டு பக்கமும் கூசாமல் பொய் சொல்லி, நடுவில் சரியான அளவு மருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன் வெட்டுகிறவர்கள் போய் நிரவி வந்தது. நிரவி என்பது ஆள் அல்ல, இயந்திர மூளை. அரிசி, டீசல், மருந்து என்று எதுவானாலும் எந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அதுதான் சொல்லும். எங்கள் பழக்கம் மட்டும் மாறவில்லை. இயந்திரத்துக்கும் இருநூறு என்றே எழுதினோம், நூறு வந்தது. பரவாயில்லை, இதுவும் பழைய ஆபீசர் மாதிரிதான் என்று சிரித்துக்கொண்டோம்.

போன வருடம் ஆவணியில், காலை ஒன்பதே முக்காலுக்கு, பாலக்காட்டுக் கணவாய் குலுங்கியது. நாற்பது நொடி. ஊரில் பாதிக் கட்டடங்கள் உட்கார்ந்துவிட்டன. என் தம்பி யுகேந்திரன் தென்னைநார் மில்லில் வேலை பார்த்தான். மில்லின் கூரை விட்டம் அவன் இரண்டு தொடைகளின் மீதும் விழுந்து கிடந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் பேசிக்கொண்டிருந்தான். "அக்கா, கால் மரத்துப் போச்சு. வலியே இல்ல. ஒரு டீ மட்டும் வாங்கியாந்து குடு" என்றான்.

எங்கள் டாக்டர் நஸ்ரின் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "வலியில்லைன்னு சந்தோசப்படாதீங்க அக்கா. நசுங்குன சதையில விஷம் சேந்து நிக்கும். விட்டத்தைத் தூக்குன நிமிசம் அது ரத்தத்துல கலந்து நெஞ்சை நிறுத்திரும். தூக்கறதுக்கு முன்னாடியே சலைன் ஏத்தணும். ஆளுக்குப் பத்து பாட்டில். ஊர் முழுக்க இந்த மாதிரி நாப்பது பேர் கெடக்கறாங்க."

கிடங்கில் ஒரு பாட்டில்கூட உடையாமல் இல்லை. சேட்டிலைட் போனில் இண்டெண்ட் போட உட்கார்ந்தேன். வழக்கப்படி எண்ணூறு என்று எழுதியிருக்க வேண்டும். அன்று கை வரவில்லை. மற்ற ஊர்களிலும் இப்படித்தான் ஆட்கள் கிடப்பார்கள், அவர்கள் பங்கைப் பிடுங்குவது பாவம் என்று தோன்றியது. இருபது வருட வேலையில் முதல்முறையாக உண்மையை எழுதினேன். நானூறு.

மதியம் லாரி வந்தது. இருநூறு பாட்டில் இருந்தது.

யுகேந்திரன் முறை வந்தபோது சலைன் தீர்ந்துவிட்டது. அடுத்த லாரிக்குப் பத்து மணி நேரம் ஆகும் என்றார்கள். மில்லின் மிச்சக் கூரை சரியத் தொடங்கியது, தூக்காமல் விடவும் முடியாது. தூக்கினார்கள். அவன் நான் கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடியே முக்கால் மணி நேரம் உயிரோடிருந்தான். சலைன் இல்லாமல் அன்று செத்தவர்கள் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டுப் பேருக்காகவும் எனக்கு வருத்தம்தான், ஆனால் என் கோபம் அவனுக்காக மட்டும்தான். இதில் நான் நல்லவள் வேடம் போடப்போவதில்லை.

விசாரணை நடந்தது. நிரவியின் பக்கத்திலிருந்து சிபிவேந்தன் என்ற பொறியாளர் வந்திருந்தான். நிரவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவன், முப்பத்தைந்து வயது இருக்கும். நான் கேட்டேன், அவன் பொறுமையாக விளக்கினான்.

"ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு நம்பக எண் இருக்குதுங்க மேடம். நீங்க கேட்டது எவ்வளவு, நெசமா செலவானது எவ்வளவுன்னு நிரவி பாத்துட்டே இருக்கும். உங்களது பாயிண்ட் அஞ்சு. நீங்க நானூறுன்னா அது இருநூறுன்னு எடுத்துக்கும்."

"அன்னிக்கு நான் நெசத்தைத்தானுங்க எழுதுனேன்."

"அது நிரவிக்கு எப்படீங்க தெரியும்?"

"அப்ப என்ற மீதி இருநூறு?"

"வேற ஊருக்குப் போச்சுங்க. அங்கயும் ஆளுக பொழச்சிருக்காங்களே." பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். கையில் பாதி கடித்த வடை இருந்தது. "நீங்க எப்பவும்போல எண்ணூறு போட்டிருந்தா நானூறு வந்திருக்குமுங்க மேடம்."

உண்மை சொன்னதால் என் தம்பி செத்தான் என்று ஒருவன் வடை தின்றுகொண்டே சொல்கிறான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அந்த வாரமே ஆனைமலைக்குப் போய் வந்தேன், மிளகாய் பலிக்கவில்லை என்றதும் முடிவு செய்துவிட்டேன். என் வார்த்தையை நிரவி அட்சரம் பிசகாமல் நம்பும் நாள் வரட்டும். பூமி இன்னும் இரண்டு வருடம் ஆடும் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஆடுகிற ஒருநாள் அவன் என் எண்ணை நம்பிக் கிடப்பான். அன்று ஒரே ஒரு பொய் சொல்வேன்.

எங்கோ தலைநகரில் இருப்பவன் என் ஊரில் வந்து எப்படிக் கிடப்பான் என்று நான் யோசிக்கவில்லை. வெறுப்புக்கு அவ்வளவு விவரம் கிடையாது. ஆனால் பாருங்கள், தை மாதம் நிரவியின் வட்டார அலுவலகத்தை எங்கள் மருத்துவமனைக்குப் பின்னால் திறந்தார்கள். அதன் களப்பொறுப்பாளராக அவனே வந்து சேர்ந்தான்.

நான் பஞ்சு, பிளாஸ்திரி, காய்ச்சல் மாத்திரை என்று ஒவ்வொன்றையும் தேவைப்படும் அளவுக்கு மட்டும் எழுதினேன். முதலில் பாதி வந்தது. நோயாளிகள் என்னைத் திட்டினார்கள், டாக்டர் நஸ்ரின் முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் உண்மையையே எழுதினேன். மெல்ல மெல்ல முக்கால் பங்கு வந்தது. சித்திரையில் கேட்டது கேட்டபடி வரத் தொடங்கியது. கிடங்கில் தொடங்கிய பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "சேலை நல்லா இருக்குதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டு வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அவனுக்கோ ஒரே பெருமை. "மேடம், உங்க எண்ணு பாயிண்ட் தொண்ணூத்தொம்பது! மாநிலத்துலயே மூணாவது இடம்" என்று கிடங்கு வாசலில் நின்று கத்தினான். ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தான். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்குத்தான் தெரியும்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, இரண்டாவது முறை குலுங்கியது.

புதிதாகக் கட்டிய நிரவி அலுவலகம்தான் முதலில் விழுந்தது. ஒப்பந்தக்காரர் என்ன கலவையில் கட்டினாரோ தெரியாது. அடுத்து உழவர் சந்தையின் மேற்கூரை, பள்ளிக்கூடச் சமையல் கட்டடம். கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நானும் டாக்டரும் ஊரைச் சுற்றினோம். நசுங்கிக் கிடக்கும் ஆட்களை எண்ணி, பக்கத்துக் கல்லில் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். இருபத்திமூன்று கோடு.

கடைசியாக நிரவி அலுவலகம். உடைந்த சுவருக்குள் குனிந்து பார்த்தேன். சிபிவேந்தன் மல்லாந்து கிடந்தான். இடது கால் தொடைவரை தூணுக்கு அடியில் இருந்தது. வலது கையில் போன் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "தூணைத் தொடாதீங்க, சலைன் வரட்டும்" என்று தீயணைப்புக்காரர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்.

நான் ஓடவில்லை. அவன் பக்கத்தில் ஒரு கல்லைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மேடம், இண்டெண்ட் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்."

"எத்தனை பேருங்க?"

"இருபத்திமூணு."

அவன் உதடு அசைந்தது. "என்னையும் சேத்தியா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் பதினோரு மாதம் காத்திருந்தேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால், இனித்தது. அவன் முகத்திலிருந்து நிறம் இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். இந்த ஊரில் என் கையில் இருப்பது என்ன என்று புரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன்தான் அதை என் கையில் கொடுத்தவன்.

"ஒரு நூறு சேத்திப் போடுங்க மேடம். எதுக்கும் இருக்கட்டும்."

"பொய் எழுதச் சொல்றீங்களா சார்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க போட்டது அப்படியே வருமுங்க."

"அது தெரிஞ்சுதானுங்க உக்காந்திருக்கறேன்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "உங்க தம்பி விசயம்... நான் வேணும்னு பண்ணலீங்க."

"அவன் பேர் என்னங்க சார்?"

அவனுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. ஆறு மாதமாக என் கிடங்கு வாசலில் நின்று பேசியவன்.

"யுகேந்திரன்" என்றேன். "பொழச்சா ஞாபகம் வெச்சுக்குங்க." எழுந்து வெளியே வந்தேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சேட்டிலைட் போனில், அவனை மட்டும் விட்டு, இருநூற்று முப்பது என்று அடித்தேன். இன்னும் அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. அப்போது எதிரே சந்தையில் தீயணைப்புக்காரர் ஒருவர் கத்தியது காதில் விழுந்தது. "இந்தக் கீரைக்கார அம்மாவைக் கடைசியாத்தான் எடுக்க முடியும். இன்னும் நாலு மணி நேரமாவது ஆகுமுங்க."

இடிபாட்டுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள், அத்தனை இடிந்தும் இரண்டு உடையாமல் இருந்தன. அந்தக் கை ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பாட்டிலில் யார் பெயரும் எழுதியிருக்காது. பத்து பாட்டில் குறைந்தால் சாகப்போவது சிபிவேந்தன் இல்லை. அவன் மேல் கிடப்பது ஒரே தூண்தான், அவனை முதலில் எடுப்பார்கள், முதலில் ஏற்றுவார்கள். குறைவது எப்போதும் கடைசி ஆளுக்குத்தான். போன வருடம் அந்தக் கடைசி ஆள் டீ டம்ளரோடு இருந்தான்.

எனக்கு அழுகை வந்தது. மனம் இளகி வந்த அழுகை இல்லை, ஆத்திரம். பதினோரு மாதம் பார்த்துப் பார்த்துத் தீட்டியதை எவன் மீது எறிய வேண்டுமோ அவன் மீது எறிய முடியாது என்றால் எப்படி இருக்கும்! எண்ணை அழித்தேன். இருபத்திநான்கு பேர், ஆளுக்குப் பத்து. இருநூற்று நாற்பது என்று அடித்து அனுப்பினேன்.

ஒன்றரை மணிக்கு லாரி வந்தது. திருச்செங்கோட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார், பெயர் அர்த்தநாரி. எல்லோரும் சேர்ந்து இறக்கினோம். பெட்டி வந்துகொண்டே இருந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்து, இருநூற்று நாற்பதைத் தாண்டியதும் நின்றேன்.

"இன்னும் எவ்வளவுங்க இருக்குது?"

"இன்னொரு பாதி இருக்குதுங்க அம்மிணி. மொத்தம் நானூத்தி எம்பது" என்றார். "குலுங்குனதுமே ஏத்தி அனுப்பிட்டாங்க. மொதல்ல பாதி இங்க, பாதி மலைமேல காரப்பள்ளத்துக்குன்னுதாங்க இருந்துச்சு. வர்ற வழியில திரை மாறிப் போச்சு. எல்லாத்தையும் இங்கயே எறக்குன்னு சொல்லிருச்சு."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ எங்கள் ஊர் அம்மனுக்கு நன்றி சொன்னார்கள். மிச்சத்தையும் இறக்கத் தொடங்கினார்கள். நான் கிடங்குத் திரையைத் திறந்து என் பெயரைப் பார்த்தேன். நம்பக எண் 2.0. மாற்றியவர், களப்பொறுப்பாளர். நேரம் பதினொன்று இருபது. நான் அவன் பக்கத்திலிருந்து எழுந்து வந்த இரண்டாவது நிமிடம்.

அவனால் இண்டெண்ட் போட முடியாது, அது கிடங்குக்காரர் மட்டுமே செய்யக்கூடியது. ஆனால் கையிலிருந்த போனிலேயே என் வார்த்தையின் எடையை மாற்ற முடியும். நான் குறைத்துத்தான் எழுதுவேன் என்று பயந்து இரண்டால் பெருக்கிவிட்டான்.

"இருநூத்தி நாப்பது போக மிச்சத்தையெல்லாம் திரும்ப ஏத்துங்க" என்று கத்தினேன். "திரை கெடக்குது, நான் பாத்துக்கறேன். காரப்பள்ளம் போங்க."

அர்த்தநாரி கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆனால் இறக்கி ஏற்றிய ஒரு மணி நேரத்தில் மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. நேராகப் போயிருந்தால் தாண்டியிருப்பேன் என்று பிறகு போனில் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காரப்பள்ளத்தில் பதினோரு பேர் செத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. கீரைக்கார அம்மா பிழைத்துக்கொண்டார். சிபிவேந்தனும்தான்.

மூன்றாம் நாள் காலை அவன் கட்டிலருகே போனேன். காலில் கட்டு, பக்கத்தில் யாரோ கொண்டுவந்த சாத்துக்குடி.

"நான் இருநூத்தி நாப்பது போட்டனுங்க சார்" என்றேன். "இருபத்திநாலு பேருக்கு. உங்களையும் சேத்தி."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"நீங்க... நீங்க என்னை விட்டுட்டுப் போடுவீங்கன்னு..."

"நெனைச்சேன். ஆனா விட்டுட்டுப் போடலீங்க."

"எனக்கு எப்படீங்க மேடம் தெரியும்?"

போன வருடம் அவன் சொன்ன அதே பதில். அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியே மெல்ல, "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்குது" என்றான். நான் சரி என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய்யாகியிருக்கும்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ற பேர் சுகந்தி. காரப்பள்ளமுங்க. என்ற வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிட்டிருந்தாருங்க. கடைசி வரைக்கும் பேசிட்டேதான் இருந்தாரு." அழவில்லை. கையில் மடித்த ஒரு தாள் இருந்தது, எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்று நிவாரண முகாமில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தாள். "உங்க ஊருக்கு மட்டும் எப்படீங்க நானூத்தி எம்பது? நீங்கதான் கேட்டீங்களாமா. எவ்வளவு கேட்டீங்க?"

"இருநூத்தி நாப்பதுங்க."

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாள். ஒரு வருடத்துக்கு முன் நிரவி செய்யாததை அவள் ஒரே பார்வையில் செய்தாள்.

"அப்ப மாத்துனது யாருங்க?"

நிதானமான குரல், கோபமே இல்லாதது மாதிரி இருந்தது. எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். ஆறு மாதம் நான் அதே குரலில்தான் சிபிவேந்தனுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவாள். அவன் மகளுக்கு அப்பா இருப்பான். எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"சிபிவேந்தனுங்க. பொறியாளர்" என்றேன். "மாடியில ஆம்பளைங்க வார்டு. ஆறாவது கட்டில், ஜன்னல் பக்கம்."

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். நான் கிடங்குக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம், ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.